குதிரைக்குக் கட்டிய பூ

என் தங்கை மேகலாவின் முழம் சிறியது. மயூர் விஹாரில் அவளிடம் பூ வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். மேகலா குள்ளம். அவள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து கொடுக்கும் பூவை வாங்கிக்கொண்டு போனால் கொண்டையைச் சுற்றி வராது. கடை போட்ட புதிதில் பி பிளாக் வைதேஹி மாமி இதை லேசில் விடவில்லை.

"ஏண்டி மேகலா, இது முழமா, அரை முழமா? கையை நன்னா நீட்டி அளந்தா என்ன?"

"நீட்டித்தான் மாமி இருக்கறேன். சாமி எனக்குக் குடுத்ததே இவ்ளோதான். மிச்சத்த அங்க போயி கேளுங்க."

"நான் எதுக்குடி அங்க போகணும்? பூ வாங்க வந்தவ!"

மறுநாள் மேகலா தன் பெரிய மகள் உமாமகேஸ்வரியைக் கையோடு அழைத்துப் போனாள். உமா அப்பாவைப் போல உயரம். அவள் கையை மேசை விளிம்பில் படுக்க வைத்து, முழங்கை முனையிலும் நடுவிரல் நுனியிலும் நகப்பூச்சால் கோடு போட்டாள். அன்று முதல் அந்தக் கோடுதான் முழம். மாமி வந்து அளந்து பார்த்துவிட்டு, "இதுதாண்டி முழம்" என்று ஒரு முழம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டு போனார்.

என் தங்கையின் சுபாவம் இதுதான். குறை சொன்னால் முதலில் வாயாடுவாள். மறுநாள் சரி செய்துவிடுவாள்.

சின்னசேலம் பக்கத்திலிருந்து டில்லிக்கு முதலில் வந்தவன் நான். லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியன். எனக்குப் பின்னால் மேகலாவும் அவள் கணவர் ஜெயபாலும் வந்தார்கள். மச்சான் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், நல்ல வேலைக்காரர். சாரம் சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அப்போது சின்னவள் வசுமதி கைக்குழந்தை. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், "பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு" என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். எல்லோரும் ரயில் ஏறிய பிறகு மேகலா என்னிடம் சொன்னாள்:

"அண்ணே, ஊருக்குப் போனா நான் ஜெயபால் பொண்டாட்டி, புருசன முழுங்கினவ. இங்கன்னா நான் மேகலா. பொண்ணுங்களுக்கு இஸ்கூல் இருக்குது. நான் இங்கியே இருந்துக்கறேன்."

இருந்துகொண்டாள். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். சில ஆண்டுகள் ஓடின. பிறகு கை அவளைக் கைவிட்டது. பாத்திரம் கழுவும் பொடி பட்டுப் பட்டு உள்ளங்கை வெடித்து, விரல் இடுக்கெல்லாம் ரத்தம் கசிந்தது. சோப்பையும் பொடியையும் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் மேகலா சிரித்தாள். "டாக்டரு என்னைய பங்களாக்காரம்மான்னு நெனச்சிட்டாரு போல, அண்ணே." சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறியவள், வழியெல்லாம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். இறங்கும்போது, "பூ கட்டலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வேலை அது. விடியும் முன்பே காஜிப்பூர் பூ மண்டிக்குப் போவாள். தெற்கிலிருந்து விமானத்தில் தெர்மாகோல் பெட்டியில் வரும் மல்லிகை மொட்டையும், சம்பங்கி, செவ்வந்தி, ரோஜாவையும் பார்த்துப் பொறுக்கி வாங்கி வருவாள். வெள்ளிக்கிழமை மட்டும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தவள், கொஞ்ச நாளில் வைதேஹி மாமி இருக்கும் குடியிருப்பின் பெரிய கேட் ஓரத்தில், காவலாளி அறையை ஒட்டி, ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெட்ரோவுக்கு ஓடும் பெண்கள் நடந்துகொண்டே தலையைக் காட்டுவார்கள். இவள் எட்டி வைத்துவிடுவாள். பூஜைக்குச் செவ்வந்தி வாங்கும் வடக்கத்தியார், "ஜல்தி, ஜல்தி" என்று ஸ்கூட்டரை நிறுத்தாமலே கையை நீட்டுவார்கள். அந்த மேசையில்தான் அவள் குடும்பம் ஓடியது. கையும் ஆறியது.

சில மாதங்களுக்கு முன் அந்த மேசைக்கு ஆபத்து வந்தது. குடியிருப்புக்குப் புதிய கமிட்டி வந்ததும், கேட் அருகில் எந்த வியாபாரமும் கூடாது என்று பேச்சு எழுந்தது. தலைவர் சச்தேவா மேடம். கணவரை இழந்து, ஒரே மகனை ஆளாக்கியவர். கறாரானவர். கேட் விஷயத்தை டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கும் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்.

மேசை போனால் மேகலா மறுபடி பாத்திரத்துக்குத்தான் போக வேண்டும். பாத்திரத்துக்குப் போனால் அந்தக் கை ஒரு மாதம்கூடத் தாங்காது. இது உமாவுக்கும் தெரியும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவள், ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, குணா அண்ணன் மொபைல் கடையில ஆள் கேக்கறாங்க. நான் போறேனே."

"போயிட்டு?"

"போயிட்டுன்னா? சம்பளம் வரும்ல?"

"சம்பளம் வரும். நர்ஸ் வருவாளா? பேசாம சாப்புடு. ரசத்துல கைய வச்சிக்கினு உக்காந்திருக்காத."

அந்தப் பேச்சு அதோடு நின்றது போலத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கல்யாணம் வந்தது. சச்தேவா மேடத்தின் மகன் ப்ரணவுக்கும் வைதேஹி மாமியின் மகள் ஸ்ம்ருதிக்கும். இரண்டு பேரும் ஒரே குடியிருப்பு, எதிரெதிர் பிளாக். தமிழ்க் கல்யாணம் காலையில் கோயிலில், பஞ்சாபிக் கல்யாணம் மாலையில் சமூகக் கூடத்தில் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டுப் பூ முழுவதும் மேகலா பொறுப்பு என்று மாமி எப்போதோ சொல்லிவிட்டார். ஒருநாள் காலை சச்தேவா மேடமே மேசைக்கு வந்து நின்றார். அன்று எனக்கு விடுமுறை, நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மேகலா, சேஹ்ராவும் நீயே கட்டிக் கொடு. குதிரை ஏறும்போது கட்டுவதுதான், தெரியுமில்லையா? எல்லாம் மல்லிகையாக இருக்கட்டும். நன்றாக அடர்த்தியாக வேண்டும். முகம் துளிகூடத் தெரியக் கூடாது" என்று இந்தியில் சொன்னார்.

"அச்சா, மேடம்ஜி."

"நன்றாகச் செய். கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறுதான் கூட்டம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் போனதும் மேகலாவின் கண் பளபளத்தது. "பாத்தியா அண்ணே? இத நல்லா செஞ்சா எடம் நிக்கும்னு சொல்லாம சொல்லிட்டுப் போறாங்க."

"சேஹ்ரான்னா என்னன்னு கேட்டுக்கிட்டியா?"

"எத்தினி ஊர்வலம் இந்த கேட்டு வழியா போயிருக்குது! குதிர மூஞ்சில சரஞ்சரமா தொங்குமே, அதுதான்."

எனக்கும் அதுதான் என்று பட்டது. டில்லியில் இத்தனை வருஷம் இருந்தும் நாங்கள் பஞ்சாபிக் கல்யாணத்தைத் தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். வெள்ளைக் குதிரை வரும், அதன் நெற்றியிலும் முகத்திலும் அலங்காரம் தொங்கும். மேலே மாப்பிள்ளை. அவர் தலைப்பாகையில் முத்துச்சரம் தொங்கினாலும், அது தலைப்பாகை விற்கிறவர் வேலை என்று நினைத்திருந்தோம். பூக்காரியைக் கூப்பிட்டு முகம் மறைக்கச் சொன்னால் அது குதிரைக்காகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை முகத்தை யாராவது மூடுவார்களா? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கத்தானே கூட்டமே கூடுகிறது!

அளவு இல்லாமல் மேகலா எதையும் கட்ட மாட்டாள். ஊர்வலத்துக்குப் பேசியிருந்த குதிரை எங்கள் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் கட்டியிருந்தது. பெயர் சாந்தினி. நூலும் கையுமாக இருவரும் போனோம். குதிரைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பஹன்ஜி, என் குதிரைக்குச் சட்டை தைக்கப் போகிறீர்களா?"

"சட்டை இல்ல பையா, சேஹ்ரா. பெரிய வீட்டு ஆர்டர்."

பெரிய வீடு என்றதும் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பணக்காரர்களுக்கு எத்தனையோ ஆசை இருக்கும் என்று நினைத்திருப்பார். ஒன்று மட்டும் சொன்னார்: "கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள். மாப்பிள்ளையோடு சாக்கடையில் இறங்கிவிடுவாள்."

காதுக்குக் காது எவ்வளவு, நெற்றியிலிருந்து மூக்குத் துவாரம்வரை எவ்வளவு, தாடையைச் சுற்றி எவ்வளவு என்று மேகலா ஒவ்வொன்றாக அளக்க, நான் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தேன். மாதிரிக்குக் கொண்டுபோன சரத்தை நெற்றியில் வைத்துப் பார்ப்பதற்குள் சாந்தினி அதைத் தின்றுவிட்டது.

"துன்னுட்டுதே அண்ணே! ஒரு மொழம் போச்சி!"

"யார் மொழம்? உன் மொழமா, உமா மொழமா?" என்றேன். குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே என்னை முறைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் கோயில் வேலையை முடித்துவிட்டு, மதியம் முழுவதும் மேகலாவும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து கட்டினார்கள். நான் மொட்டுகளைத் தரம் பிரித்துக் கொடுத்தேன். நெற்றிக்குக் கனமான பட்டை. அதன் மேல் விளிம்பில் காதுக்கு இரண்டு ஓட்டைகள். கண் பக்கம் இடைவெளி. தாடையைச் சுற்றி இன்னொரு பட்டை. மூக்குத் தண்டு வழியாகவும் தாடைக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக நீளச் சரங்கள். ஒவ்வொரு சரத்தின் முனையிலும் ஒரு சிவப்பு ரோஜா. ஒரு முடிச்சுக்கூடத் தளர்வாக இல்லை. நானே விரல் வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வேலையை நான் அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சச்தேவா மேடம் வீட்டுக்குப் போனோம். கூடம் நிறைய உறவினர்கள். ப்ரணவ் தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பண்டிட்ஜி தட்டோடு தயாராக நின்றார். மேடம் பெட்டியைத் திறந்து, "வாஹ்!" என்றார். வாசனை கூடமெங்கும் பரவியது. இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கினார், தூக்கினார், அது முடியவில்லை. கடைசி ரோஜா பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது அவர் கை தலைக்கு மேல் இருந்தது.

மேடம் அதை மகன் தலையில் வைத்துப் பார்த்தார். நெற்றிப் பட்டை நழுவிக் கழுத்தில் வந்து நின்றது. சரங்கள் மடியில் குவிந்தன. ப்ரணவ் ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினான்.

"மம்மி, இது என்ன ஓட்டை?"

மேகலாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. "காதுக்கு, பையா."

"என் காது இவ்வளவு பெரியதாகவா இருக்கிறது?"

"உங்க காது இல்ல. சாந்தினி காது."

"சாந்தினி யார்?" என்று மேடம் கேட்டார்.

"குதிர, மேடம்ஜி."

ப்ரணவின் அத்தை ஒருத்தி சோபாவில் விழுந்து சிரித்தாள். அதோடு கூடம் முழுவதும் வெடித்தது. பண்டிட்ஜிகூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"சேஹ்ரா மாப்பிள்ளை முகத்துக்குக் கட்டுவது! நான் என் மகனுக்குக் கேட்டேன்!"

"எங்க பக்கத்துல மாப்பிள்ள மூஞ்சிய மூட மாட்டாங்க மேடம்ஜி. மூடினா, ஆள மாத்திட்டீங்களான்னு பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்று தன் இந்தியில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மறுபடி சிரிப்பு. மேடம் முகம் இன்னும் சிவந்தது. கீழே பேண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. கடையில் வாங்கி வர ஆள் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். நல்ல நேரம் போய்விடும் என்றார் பண்டிட்ஜி.

மேகலா என்னைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். கேட் ஓர மேசை, உமாவின் படிப்பு, பாத்திரம் கழுவும் பொடி. அடுத்த நொடி இடுப்பில் சொருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அரே, வெட்டாதே! எல்லாம் கொட்டிவிடும்!" என்று அந்த அத்தை கத்தினாள்.

அவள் சொன்னது அவர்கள் ஊர் மாலைக்குச் சரி. வடக்கே பூவை ஊசியால் நூலில் கோப்பார்கள். ஓர் இடத்தில் வெட்டினால் சரம் முழுவதும் உருவிக்கொண்டு கொட்டும். நாம் கோப்பதில்லை, கட்டுகிறோம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நடுவில் ஒரு சுருக்கு. ஒவ்வொன்றும் தன் முடிச்சில் தானே நிற்கும். எங்கே வெட்டினாலும் மற்றது அசையாது. அதனால்தான் நம்மால் முழம் போட்டு விற்க முடிகிறது.

மேகலா வெட்டினாள். ஒரு மொட்டு விழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கிட்டே வந்து நின்று பார்த்தார்கள். மூக்குத் தண்டுச் சரங்களைப் பிரித்தெடுத்து, ப்ரணவின் மார்பு உயரத்துக்குக் குறைத்தாள். தாடைப் பட்டையை வெட்டி அவன் நெற்றிப் பட்டையாக்கினாள். வசுமதி நூலை நனைத்து நீட்ட, உமா ரோஜாவைப் புது முனைகளில் சேர்க்க, மேகலா தலைப்பாகையோடு சேர்த்துக் கட்டினாள். ஆள் குள்ளம், மாப்பிள்ளை நெடியவன். அவன் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

"மூச்சு வுட முடியுதா, பையா?"

"வாசனையாக விட முடிகிறது" என்றான் உள்ளேயிருந்து.

பண்டிட்ஜி மந்திரத்தை ஆரம்பித்தார். மேடம் மகனின் நெற்றிப் பட்டையைத் தொட்டுச் சரிசெய்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மிச்சமிருந்த நெற்றிப் பட்டையையும் பக்கச் சரங்களையும் மேகலா வீணாக்கவில்லை. கீழே போய்ச் சாந்தினிக்குக் கட்டினாள். காது இரண்டும் ஓட்டையில் கச்சிதமாக நின்றன. இரண்டு வீடும் எதிரெதிர் என்பதால், ஊர்வலம் பின் கேட் வழியாக வெளியே போய், வீதியைச் சுற்றி, முன் கேட் வழியாகத் திரும்பி வந்தது. சமூகக் கூடத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற வைதேஹி மாமி, மாப்பிள்ளையையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடி மேகலா, ரெண்டும் ஒரே ஜாடையா இருக்கு! யாருக்குடி ஆரத்தி எடுக்கறது?"

"காது வெளிய தெரியறது குதிர, மாமி."

வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். ஆனால் சச்தேவா மேடம் அன்று முழுவதும் மேகலாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் கேட்டைக் கடக்கும்போதும் பேசவில்லை. மேகலா வழக்கம்போலப் பூ கட்டினாள், வாயாடினாள். ஆனால் மீந்த பூவைப் பெண்கள் தலையில் வைக்க மறந்துபோனாள். அவள் அப்படி மறக்கிறவள் அல்ல.

ஞாயிறு கூட்டம் கமிட்டி அறையில் நடந்தது. நாங்கள் வெளியே ஜன்னல் ஓரம் நின்றோம். ஓய்வு பெற்ற ஒருவர், சுத்தம், ஒழுங்கு, விதி என்று நீளமாகப் பேசினார். ஒருவரை விட்டால் நாளைக்குக் காய்கறி வண்டியும் வரும் என்றார். பிறகு சச்தேவா மேடம் குரல் கேட்டது.

"முகம் மறைய வேண்டும் என்று சொன்னேன். யார் முகம் என்று நான் சொல்லவில்லை. அது என் தப்பு. அவள் அதற்காகக் குதிரை லாயத்துக்குப் போய் அளவெடுத்திருக்கிறாள். குதிரைக்கே அளவெடுத்துக் கட்டுகிறவள் நம் கேட்டைக் குப்பையாக்கிவிடுவாளா? அன்றைக்கு எனக்குக் கோபம், ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் கழித்து அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். என் வீட்டில் கல்யாணம் முடிந்ததும் சத்தமே இல்லாமல் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். இன்னும் போன் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். எத்தனை கை உயர்ந்தது என்று ஜன்னல் வழியே தெரியவில்லை. மேகலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் வெளியே வந்து, கறாராகவே சொன்னார். "சுனோ, மேகலா. இடம் உண்டு. மடக்கு மேசைதான் போட வேண்டும். காம்பு, நூல் எதுவும் கீழே கிடக்கக் கூடாது. கிடந்தால் மேசையை நானே எடுத்துவிடச் சொல்வேன். பிப்ரவரியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். சேஹ்ரா வேண்டும்."

"ஆளுக்குத்தான, மேடம்ஜி?"

அப்போதுதான் அவர் எங்கள் எதிரில் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வசுமதி குதித்தாள். உமா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டதற்கு, "குணா அண்ணன்கிட்ட நாளைக்கி வந்துடறேன்னு சொல்லிட்டேம்மா" என்றாள். கல்யாணம் முடிந்த மறுநாளே போய்ச் சொல்லியிருக்கிறாள். மேகலா அவளைத் திட்டவில்லை. தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

மறுநாள் காலை வியாபாரம் முடிந்ததும், நேராகக் குணாவின் மொபைல் கடைக்குப் போனாள். நான் ஆபீஸுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்தேன், கூடவே போனேன்.

"வாக்கா. உமா எங்க? இன்னைக்கி வர்றேன்னு சொல்லிச்சே."

"வர மாட்டா, தம்பி. இஸ்கூலுக்குப் போயிட்டா. பரீச்ச வருதில்ல."

"பொண்ணு சம்பாரிச்சா ஒனக்கு ஒத்தாசதான அக்கா?"

"எனக்கு ஒத்தாச என் கையி. அது இப்ப நல்லாருக்குது, பாரு" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "நீ வேற ஆளப் பாத்துக்க. கோவிச்சிக்காத."

அவன் கடைச் சாமி படத்துக்கு இரண்டு முழம் மல்லிகை வைத்துவிட்டு இறங்கினாள். மெட்ரோப் பாலத்துக்குக் கீழே வரும்போது திரும்பிப் பார்த்து, "அண்ணே, நர்சிங் படிப்புக்கு எங்கெங்க எடுக்கறாங்க, எப்ப எழுதிப் போடணும்னு ஒங்க ஆபீசுல படிச்சவங்க யாருகிட்டயாவது கேட்டு வையி" என்றாள்.

கேட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை உமாவை அழைத்துக்கொண்டு முதல் இடத்தைப் பார்க்கப் போகிறோம்.